அமைதி, மனித உரிமைகளுக்கான மாணவர் ஃபெலோஷிப்: விண்ணப்பத்திலிருந்து கடைசி நாள் வரை

தேர்வுக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதல் பத்தியைத் தாண்டி நேராக இரண்டாவது பத்திக்குப் போய்விடுவேன். முதல் பத்தி ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். "சிறு வயதிலிருந்தே அநீதியைக் கண்டால் எனக்குப் பொறுக்காது." "உலக அமைதிக்காக உழைப்பதே என் கனவு." எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. நான் தேடியது ஒரே ஒரு வரி: யார், என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள்.

அந்த வரி இருந்தால் மீதிக் கட்டுரை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வரியைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்ததைத் தூக்கிக்கொண்டு ஒரு ஃபெலோஷிப்பை முழுதாக நடத்தி முடிப்பது எப்படி என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஃபெலோஷிப்களில் நீங்கள் செய்யப்போகும் வேலைக்குப் பெயர் 'அட்வகசி'. அதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் சரியாக ஒட்டவில்லை. பரப்புரை என்றால் தேர்தல் ஞாபகம் வருகிறது. வாதாடல் என்றால் கறுப்புக் கோட்டு. பரிந்துரை என்றால் சிபாரிசு. பாதிக்கப்பட்டவரோடு சேர்ந்து நின்று, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரிடம் போய், ஒன்றை மாற்றச் சொல்லிக் கேட்டு, மாறும்வரை விடாமல் இருப்பது: அவ்வளவுதான் அது. களத்தில் எல்லாரும் அட்வகசி என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

எந்த ஃபெலோஷிப்?

ஃபெலோஷிப் என்றதும் பலருக்கு உதவித்தொகை மட்டும் கண்ணில் படுகிறது. உதவித்தொகை அதில் ஒரு பகுதி. ஒரு வழிகாட்டி, வேலை பார்க்க ஒரு அமைப்பு, நீங்களே பொறுப்பேற்று முடிக்க வேண்டிய ஒரு திட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுமை. இவற்றில் வழிகாட்டி இல்லாத ஃபெலோஷிப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. பணம் குறைந்தால் சமாளிக்கலாம். கேட்க ஆளில்லாமல் களத்தில் நிற்பதைச் சமாளிக்க முடியாது.

வகைகள் பல. பல்கலைக்கழகமே தன் மாணவர்களுக்கு ஒரு பருவமோ ஓர் ஆண்டோ நடத்துவது ஒன்று. விடுமுறையில் மனித உரிமை அமைப்பு ஒன்றில் சேர்த்துவிடுவது இன்னொன்று. கையில் பணத்தைக் கொடுத்து "நீயே ஒன்றைச் செய்து காட்டு" என்பது மூன்றாவது. 2007இல் கேத்ரின் டேவிஸ் என்ற அமெரிக்க மூதாட்டி தன் நூறாவது பிறந்தநாளையொட்டி 10 லட்சம் டாலர் தந்து, தலா 10,000 டாலரில் நூறு மாணவர் திட்டங்களுக்கு வழி செய்ததில் பிறந்த 'புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்' இந்த வகை. அதில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் மாணவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், உங்கள் கல்லூரி பட்டியலில் உண்டா என்று முதலில் பாருங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ரோட்டரி பீஸ் ஃபெலோஷிப் புகழ்பெற்றது, முழுச் செலவையும் ஏற்பது. ஆனால் அதன் முதுகலைப் பிரிவுக்கே மூன்று ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருப்பவர் அதற்கு ஒரு மாதம் செலவழித்துக் கட்டுரை எழுதுவது வீண். ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் பழங்குடியினருக்கு 1997 முதலும், சிறுபான்மையினருக்கு 2005 முதலும் ஃபெலோஷிப் நடத்துகிறது. மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசல்ல அது. தன் சமூகத்துக்காக ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்களை ஜெனீவாவுக்கு அழைத்து ஐ.நா.வின் வழிமுறைகளைக் கற்றுக்கொடுப்பது. நீங்கள் அந்தச் சமூகங்களில் ஒருவராக இருந்து, ஓர் அமைப்போடு வேலையும் செய்துகொண்டிருந்தால், இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டு அறிவிப்பை மட்டுமே நம்புங்கள், போன ஆண்டு போய்வந்த அண்ணன் சொன்னதை அல்ல.

விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: உதவித்தொகை மாதாமாதம் வருமா, செலவழித்துவிட்டு ரசீது காட்டினால் வருமா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? நீங்கள் எழுதும் அறிக்கை யாருக்குச் சொந்தம்? களத்தில் ஆபத்து என்றால் நள்ளிரவில் யாருக்குப் போன் செய்வது? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் எண்ணும் பதிலாக வராவிட்டால் யோசியுங்கள். 'இளைஞர் அமைதித் தூதர்' என்று பட்டம் கொடுத்து, பதிவுக் கட்டணம் கட்டினால் இடம் உறுதி என்று மின்னஞ்சல் வந்தால் யோசிக்கவே வேண்டாம். அழித்துவிடுங்கள்.

பிரச்சினையைச் சுருக்குங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். "அகதிகளின் கல்வி உரிமை" என்பது தலைப்பு. அதை வைத்து மாநாடு நடத்தலாம். பத்து வாரத்தில் ஒரு மாணவர் செய்து முடிக்கக்கூடிய வேலை அதில் எங்கே இருக்கிறது?

கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பாருங்கள். அகதிக் குழந்தைகளின் கல்வி. அதில், பள்ளியில் சேர முடியாத குழந்தைகள். ஏன் சேர முடியவில்லை? சிலருக்கு மொழி, சிலருக்குத் தூரம், சிலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவர்களை மட்டும் எடுப்போம். சட்டமே சேர்க்கக் கூடாது என்கிறதா, தலைமை ஆசிரியர் தயங்குகிறாரா? விசாரித்தால் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. பின்னால் தணிக்கையில் கேள்வி வருமோ என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தைப் போக்க யாரால் முடியும்? கல்வி அலுவலரால். எதைக் கொண்டு? ஒரு சுற்றறிக்கையால்.

இப்போது அந்த ஒரு வரி கிடைத்துவிட்டது: "சான்றிதழ் இல்லாத குழந்தையைப் பெற்றோரின் எழுத்துமூல வயது உறுதிமொழியை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்வி அலுவலர், பள்ளி திறப்பதற்குள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்." உலகத்தைக் காப்பாற்றும் வரி இல்லை. ஆனால் 'ஆகட்டும்' என்றோ 'முடியாது' என்றோ ஒருவர் பதில் சொல்லக்கூடிய வரி.

இவ்வளவு சின்னதாகவா கேட்பது என்று தோன்றினால் ஹன்சா மேத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவில் முதல் பிரிவு, ஆங்கிலத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படக்கூடிய சொல்லோடுதான் தொடங்கியது. ஆண் என்றால் மனிதர் எல்லாரும் அடக்கம்தானே என்று மற்றவர்கள் விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். வரைவைத் தயாரித்த ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தா விடவில்லை. 'மனிதர்கள் எல்லாரும்' என்று அது மாறியது. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் கூடிய ஐ.நா. பொதுச்சபையில் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, ஒருவரும் எதிர்க்கவில்லை. அவர் கேட்டது ஒரு சொல்லை.

படிக்க வேண்டியது, படித்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாதது

பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம், அரை மணி நேரம் ஆகாது. தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பங்களில் அடிக்கடி பார்க்கும் பிழை: "பிரகடனத்தின்படி அரசு சட்டப்படி கட்டுப்பட்டது." பிரகடனம் அந்த வகையில் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல. அதிலிருந்து கிளைத்த உடன்படிக்கைகள்தான் கட்டுப்படுத்தும், அதுவும் கையெழுத்திட்டு ஏற்புறுதி செய்த, அதாவது கட்டுப்படுவதாக முறைப்படி உறுதி சொன்ன, நாட்டை மட்டும். உங்கள் பிரச்சினைக்கு எந்த உடன்படிக்கை, எந்தப் பிரிவு, அந்த நாடு ஏற்புறுதி செய்ததா, செய்தபோது ஏதாவது பிரிவுக்கு விலக்குச் சொல்லி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் சுற்றறிக்கை விஷயத்துக்கு 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை பொருந்தும்: பிரிவு 7 பிறப்புப் பதிவு, பிரிவு 28 கல்வி. உலகில் மிக அதிகமான நாடுகள் ஏற்ற மனித உரிமை உடன்படிக்கை அது. அப்படியும் அமெரிக்கா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. "எல்லா நாடும் ஏற்றது" என்று எழுதும் முன் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

அமைதி ஆய்வின் பக்கம் நார்வே ஆய்வாளர் யோஹான் கால்டுங் சொன்ன இரண்டு கருத்துகள் போதும், ஆனால் நன்றாகப் பிடிபட வேண்டும். துப்பாக்கி ஓய்ந்திருப்பது மட்டும் ஒருவகை அமைதி. அதை எதிர்மறை அமைதி என்றார். மனிதர் வளரத் தடையாக இருக்கும் அநீதியும் நீங்கியிருப்பது நேர்மறை அமைதி. யாரும் யாரையும் அடிக்காமலே ஓர் ஏற்பாடே ஆளை முடக்கிப்போடுவதைக் கட்டமைப்பு வன்முறை என்றார். சான்றிதழ் இல்லாததால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் அங்கே என்னவோ நடக்கிறது. அதற்குப் பெயர் வைக்க இந்தக் கருத்து உதவும்.

அமைதிக்காரர்களும் உரிமைக்காரர்களும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அநேகம். எப்போதும் அப்படி இல்லை. சண்டையை நிறுத்த வேண்டுமானால் கையில் ரத்தக்கறை உள்ள தளபதியோடும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பார் சமரசம் பேசுகிறவர். அவர் பெயரை அறிக்கையில் எழுது, விசாரணைக்கு இழு என்பார் உரிமை ஆர்வலர். பொதுமன்னிப்புக் கொடுத்தால் போர் நிற்கும், கொடுத்தால் நீதி போகும். இந்த இழுபறிக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. நேர்காணலில் இந்தக் கேள்வி அநேகமாக வரும். விடை இருப்பதுபோல் நடிப்பவரைவிட, இரண்டு பக்கமும் என்ன இழப்பு என்று தெரிந்தவருக்கே என் மதிப்பெண்.

கட்டுரை

ஒரு பத்தியைத் திருத்திக் காட்டுகிறேன். இது நானே எழுதிய மாதிரி, யாருடைய விண்ணப்பமும் அல்ல.

முதல் வடிவம்: "கல்வி ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை. ஆனால் இன்றும் எண்ணற்ற அகதிக் குழந்தைகள் கல்வி மறுக்கப்பட்டு இருளில் வாடுகின்றனர். அவர்களின் குரலாக ஒலிக்க விரும்புகிறேன்."

திருத்திய வடிவம்: "இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு ஒருநாள் முகாமில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பதினான்கு பேர். அவர்களில் ஐந்து பேர் பள்ளியில் சேராததற்கு ஒரே காரணம், பிறப்புச் சான்றிதழ் இல்லை. தலைமை ஆசிரியர் இருவரிடம் பேசினேன்; எழுத்தில் உத்தரவு இருந்தால் சேர்த்துக்கொள்வோம் என்கிறார்கள். அந்த உத்தரவைப் பெறுவதே இந்தப் பத்து வாரத்தில் என் வேலை."

'எண்ணற்ற' என்பது 'ஐந்து' ஆனதும் கட்டுரை நம்பும்படி ஆகிவிட்டது. 'குரலாக ஒலிப்பது' போய்விட்டது; அந்தப் பெற்றோருக்குக் குரல் இருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை. முகாம், போர், சிறை என்று எதுவும் உங்கள் வாழ்க்கையில் இல்லாவிட்டால் வரவழைக்காதீர்கள். கல்லூரி விடுதியில் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கையுறை கேட்டு வாங்கிக்கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள், முதல்முறை என்ன பதில் வந்தது, இரண்டாவது முறை என்ன மாற்றிக் கேட்டீர்கள் என்பதை எழுதுங்கள். தோற்றதையும் எழுதலாம். தோற்றது ஏன் என்று தெரிந்தவரை எனக்குப் பிடிக்கும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பதவியில் இருப்பவரின் நான்கு வரியைவிட, உங்களைத் தெரிந்த விரிவுரையாளரின் ஒரு பக்கம் மேல். குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். கட்டுரை வரைவையும் ஃபெலோஷிப் அறிவிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்பு பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள்.

நேர்காணல்

அரை மணி நேரத்தில் குழு தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டு விஷயம். இவரைக் களத்துக்கு அனுப்பினால் யாருக்காவது கெடுதல் வருமா? சொன்னதைச் செய்து முடிப்பாரா? அதனால் கேள்விகள் பெரும்பாலும் சங்கடமான சூழ்நிலைகளாக இருக்கும். "நீங்கள் பேட்டி எடுத்த பெண், மறுநாள் வந்து என் பேச்சை அழித்துவிடுங்கள் என்கிறார். அறிக்கையின் முக்கியச் சான்றே அதுதான். என்ன செய்வீர்கள்?" அழிப்பேன் என்பதுதான் பதில். அதைச் சொல்லத் தயங்கி, அவருக்குப் புரியவைக்க முயல்வேன் என்று சுற்றிவளைத்த திறமைசாலிகளை நாங்கள் வேண்டாம் என்று விட்டிருக்கிறோம்.

முதல் இரண்டு வாரம்

போன உடனே எதையாவது மாற்றிவிடத் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளைப் படியுங்கள், தட்டச்சு செய்யச் சொன்னால் செய்யுங்கள், கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுங்கள். அந்த அமைப்பு இதே கோரிக்கையை நாலு வருஷம் முன்பே வைத்துத் தோற்றிருக்கலாம்.

அதோடு ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் அந்த ஒரு வரியை எழுதுங்கள். சுற்றிலும் மனிதர்களை எழுதுங்கள்: முடிவெடுப்பவர் யார், அவர் யார் பேச்சைக் கேட்பார், கோப்பை அவர் மேசைக்குக் கொண்டுபோகும் எழுத்தர் யார், மாற்றம் வந்தால் யாருக்குத் தொந்தரவு, யார் சும்மா இருந்தாலே போதும். நான் ஃபெலோவாக இருந்தபோது இதே சுற்றறிக்கைக்காக வரைந்த எங்கள் தாளில் முதலில் கல்வி அலுவலரைத்தான் பெரிதாக எழுதியிருந்தோம். கடைசியில் வேலையை நகர்த்தியது தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். 'உறுதிமொழிப் படிவத்தில் இந்த மூன்று விவரம் இருந்தால் தணிக்கையில் கேள்வி வராது' என்று படிவத்தையே வரைந்து கொடுத்தார். தலைமை ஆசிரியர்களின் பயம் அங்கேதான் இறங்கியது.

சாட்சியம் எடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான் ஃபெலோவாக இருந்த முதல் மாதத்தில் ஒரு தாயிடம் பேசப் போனேன். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தேன். ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. "இதே கதையை நான் சொல்றது இது நாலாவது தடவை தம்பி. முன்னாடி வந்தவங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று பேட்டிகளில் ஒன்று எங்கள் அலுவலக அலமாரியிலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான் தேடிப் பார்த்திருந்தால் அவரை அன்றைக்கு அழவைத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் விதி: ஏற்கெனவே யாராவது எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருக்கும் ஆவணம் போதுமென்றால் பேட்டி எடுக்காதீர்கள்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒப்புதல் என்பது கையெழுத்தோடு முடிவதில்லை. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், இது யார் கைக்குப் போகும், பெயர் வருமா, இதனால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், பிறகும் வாபஸ் வாங்கலாம் என்பதை அவர் மொழியில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "நான் சொன்னதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். "நீங்க பேசினா பையனுக்கு ஸ்கூல் கிடைக்கும்" என்று அவர் சொன்னால், ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்.

கேள்வி திறந்ததாக இருக்கட்டும். "தலைமை ஆசிரியர் உங்களை விரட்டினாரா?" என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் வரும். "அன்றைக்குப் பள்ளிக்குப் போனபோது என்ன நடந்தது?" என்று கேட்டால், அவர் வாசலிலேயே திரும்பிவிட்டார் என்பதும் தலைமை ஆசிரியரைப் பார்க்கவே இல்லை என்பதும் வெளியே வரும். கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். அழுதால் நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது நிறுத்துவது ஆகாது. குழந்தைகளைப் பயிற்சி பெற்றவர் துணையில்லாமல் பேட்டி எடுக்கவே வேண்டாம். வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள்.

படம் எடுத்தால், போன் எடுக்கும் புகைப்படத்துக்குள் நேரமும், பல சமயம் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டு இடத்தை அப்படியே வெளியே அனுப்பினால் என்ன பயன்? அசல் கோப்பைத் தொடாமல் கடவுச்சொல் போட்டுத் தனியாக வைத்துக்கொண்டு, வெளியே போகும் பிரதியில் அந்தத் தகவலை நீக்குங்கள். பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பில், சாட்சியங்கள் இன்னொரு கோப்பில், இரண்டையும் இணைப்பது குறியீட்டு எண் மட்டும். சமூக ஊடகத்தில் கிடைக்கும் காணொளியைச் சான்றாகப் பயன்படுத்த நினைத்தால், ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையை எடுத்துப் பாருங்கள். எப்படிச் சரிபார்ப்பது, எப்படிப் பாதுகாத்து வைப்பது என்று அதில் விரிவாக இருக்கிறது.

ஒரு பக்கக் குறிப்பு

நாற்பது பக்க அறிக்கை உங்கள் வழிகாட்டிக்கு. அதிகாரிக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே கோரிக்கை இருக்க வேண்டும். பின்னணியில் தொடங்கினால் அவர் கோரிக்கைக்கு வருவதற்குள் போன் அடித்துவிடும். அடுத்து பிரச்சினை நான்கு வரியில், எண்ணோடும் எண்ணிய முறையோடும். அடுத்து, அதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைக் காட்டும் விதி, எண்ணும் தேதியும் சேர்த்து. பிறகு செலவு. செலவே இல்லை என்றால் அதைத் தனி வரியில் எழுதுங்கள். அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். கடைசியாக, சுற்றறிக்கையின் வரைவையே இணைத்துவிடுங்கள். அதைப் புதிதாக எழுத யாரும் மெனக்கெடப் போவதில்லை. கையில் இருந்தால் திருத்துவார்கள்.

அறைக்குள்

கேட்டது இருபது நிமிடம் என்றால் கிடைப்பது ஏழு என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். முடிந்தவரை பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர், அவருக்கு விருப்பமும் பாதுகாப்பும் இருந்தால், உங்களோடு வரட்டும். பேசுவது அவர்; காகிதம் எடுத்துக் கொடுப்பது நீங்கள். அதிகாரி "பார்க்கலாம்" என்பார். "சரிங்க சார், எந்தத் தேதியில் திரும்ப வரட்டும்?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அன்று மாலையே பேசியதை ஐந்து வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள். பிற்பாடு 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பதற்கு அதைவிட மரியாதையான மறுப்பு கிடையாது.

கதவு திறக்கவே இல்லை என்றால் சுற்றுவழி உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம், செய்தியாளர், சட்டமன்றக் கேள்வி, அதற்கும் மேலே ஐ.நா. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளின் மனித உரிமை நிலையும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை ஜெனீவாவில் மற்ற நாடுகள் முன்னால் ஆய்வுக்கு வரும். அதற்கு ஓர் அமைப்பு தனியாக அனுப்பும் அறிக்கை 2,815 சொற்களைத் தாண்டக் கூடாது. ஃபெலோ ஒருவர் பெரிதாகப் பங்களிக்கக்கூடிய வேலை இது. ஆனால் ஒரு சுற்றறிக்கைக்கு ஜெனீவா வரை போக வேண்டியதில்லை; உள்ளூர்க் கதவைத் தட்டாமலே மேலே போனால் அந்தக் கதவு இன்னும் இறுகிவிடும்.

பெரிய வெற்றிகளும் இப்படிக் குறுகலாகக் கேட்டவைதான். கண்ணிவெடிக்கு எதிரான இயக்கத்தை 1992இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து தொடங்கின. போரையே ஒழியுங்கள் என்று கேட்கவில்லை. ஆளைக் கொல்லும் கண்ணிவெடி என்ற ஒரே ஆயுதத்தைத் தடை செய்யுங்கள் என்றார்கள். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசை அந்த இயக்கமும் அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்சும் பகிர்ந்துகொண்டனர்.

உங்கள் பாதுகாப்பு

மனித உரிமைக் காப்பாளர்களுக்கென்றே 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஒரு பிரகடனம் நிறைவேற்றியிருக்கிறது. அமைதிப் பணியில் 18 முதல் 29 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கு இடம் கொடுங்கள் என்று பாதுகாப்புச் சபையே 2015இல் 2250ஆம் தீர்மானம் போட்டிருக்கிறது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், மேற்கோள் காட்டுங்கள். ஆனால் ஆபத்து வரும் நாளில் கைகொடுப்பது, நீங்கள் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தெரிந்த ஒரு ஆள். போகும்போதும் வந்ததும் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி. வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே பேசிவைத்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்ட கதைகள் தூக்கத்தில் வரும். சாப்பாடு இறங்காது, நண்பர்களின் சின்னப் புலம்பல்கள் எரிச்சல் தரும். இதைப் பலவீனம் என்று மறைத்து வைத்து மூன்றாவது மாதம் உடைந்துபோனவர்களைத் தெரியும். ஒருநாளைக்கு இரண்டு பேட்டிக்கு மேல் வேண்டாம். வழிகாட்டியிடம் வாரம் ஒருமுறை வேலையைப் பற்றி அல்லாமல் உங்களைப் பற்றிப் பேசுங்கள்.

கடைசி மாதம்

ஃபெலோஷிப் முடியும், பிரச்சினை முடியாது. கடைசி நான்கு வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். யாரை எப்போது பார்த்தீர்கள், என்ன பதில், அடுத்த தேதி என்ன, எந்தக் கோப்பு எங்கே என்று ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் சாட்சியங்களை அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் பிரதியை அழித்துவிடுங்கள். பிற்காலத்தில் ஆய்வுக்கட்டுரைக்கு உதவும் என்று ஒன்றையும் எடுத்துவைக்காதீர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது அதற்கு அல்ல.

பிறகு, பேசியவர்களைத் திரும்பப் போய்ப் பாருங்கள். இதை எந்த ஃபெலோஷிப்பின் விதிமுறையிலும் நான் பார்த்ததில்லை, எந்த அறிக்கையிலும் இதற்கு இடமில்லை. நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தத் தாயிடம் போனேன். சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. அதைச் சொன்னேன். வரைவு அதிகாரியின் மேசையில் இருக்கிறது, இன்ன தேதிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், வராவிட்டால் எங்கள் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். பையனின் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கடைசிப் பக்கத்தில் தேதியையும் எண்ணையும் எழுதினேன். அவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தேதி முடிஞ்சு மறுநாளே கூப்பிடலாமா, ரெண்டு நாள் விட்டுக் கூப்பிடணுமா?" என்று கேட்டார்.

மறுநாளே, என்றேன்.